முகவை மண்ணில் ஒரு கலைக்குழு: மாரந்தைக் குரலும் கீழக்கரைச் சொல்லும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு பெரிய மனிதரின் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிப்பது வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கலைக்குழுவை. ‘தன்னானே’ என்ற பெயரில் கே.ஏ. குணசேகரன் நடத்திய குழு அது. அந்தக் குழுவின் பின்னால் இருந்த மனிதர்கள் யார், அவர்கள் எந்த மண்ணிலிருந்து வந்தார்கள், அவர்கள் பாடியதும் அடித்ததும் ஆடியதும் நமக்கு என்ன செய்தது என்பதுதான் பேச்சின் பொருள்.

இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேரியில் கலை உண்டு என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும். கலைஞன் இல்லாத சேரி கிடையாது. சாவு விழுந்தால், சாமி புறப்பட்டால், கல்யாணம் நடந்தால் சேரிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அப்படியானால் அந்தக் கலை யாருக்குச் சொந்தம்? அடிப்பவனுக்கா, அடிக்கச் சொல்பவனுக்கா? தன்னானே குழுவின் வரலாறு இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வரலாறு.

1. முகவை என்ற நிலம்

இன்றைய மாணவர்களுக்கு இராமநாதபுரம் மாவட்டம் என்றால் பரமக்குடி, முதுகுளத்தூர், கீழக்கரை, மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்ற அளவில்தான் வரைபடம் தெரியும். 1910இல் உருவாக்கப்பட்ட பழைய முகவை மாவட்டம் மிகப் பெரியது. 1985இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டமும் விருதுநகர் மாவட்டமும் அதற்கு முன் முகவையின் பகுதிகள்.

அந்தப் பழைய வரைபடத்தை விரித்துவைத்துப் பாருங்கள். மேற்கே வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி. அங்கிருந்து வந்தவர்கள் ராஜ் கௌதமனும் அவருடைய தங்கை பாமாவும். நடுவே இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை. அங்கிருந்து வந்தவர் கே.ஏ. குணசேகரன். கிழக்கே கடற்கரையில் கீழக்கரை. அங்கிருந்து வந்தவர் இன்குலாப். தமிழில் தலித் இலக்கியம், தலித் விமர்சனம், தலித் தன்வரலாறு, தலித் அரங்கு என்று எதைத் தொட்டாலும் இந்த ஒரு பழைய மாவட்டத்தின் புழுதி கையில் ஒட்டும்.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கண்மாய்களை நம்பிய வானம் பார்த்த பூமி இது. கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. வெளியூர் வேலைக்குப் போகாமல் பிழைக்க முடியாத வீடுகள் சேரிகளில் நிறைய. எதிர்த்து நின்றதும் இந்த மண்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் செல்லூரில் 1924இல் பிறந்து, ராணுவத்தில் இருந்து திரும்பி, ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டிய இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர்க் கலவரம் இந்தப் பகுதியின் ஒவ்வொரு சேரியின் நினைவிலும் படிந்தது. 2011இல் அதே செப்டம்பர் 11 அன்று, அதே பரமக்குடியில், அஞ்சலி செலுத்த வந்த மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது.

1957இல் குணசேகரனுக்கு 2 வயது. இன்குலாபுக்கு 13 வயது. இருவரும் வளர்ந்தது அந்தக் கலவரத்துக்குப் பிந்தைய முகவையில்.

2. மேடைக்கும் சாதி உண்டு

முகவையின் கோயில் திருவிழாக்களில் நடப்பது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று தனித்தனியாகப் பேசி அமர்த்தி, ஒத்திகை இல்லாமல் அன்றிரவே மேடையேற்றுவார்கள். ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த பாதையில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அது.

இந்த மேடை எல்லோருக்கும் திறந்திருந்ததா? ஒரே ஒரு மனிதரின் கதை போதும். பழைய முகவையின் சிவகாசியில் 1886இல் பிறந்தவர் விஸ்வநாததாஸ். நாடக மேடையை விடுதலைப் போராட்ட மேடையாக்கியவர். வள்ளி திருமணத்தில் முருக வேடம் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடியவர், அதற்காகப் பலமுறை சிறை போனவர். ஆனால் அவர் பிறந்தது நாவிதர் சமூகத்தில். அந்த ஒரு காரணத்துக்காக அவரோடு வள்ளியாக நடிக்க அன்றைய பெயர்பெற்ற நடிகைகள் மறுத்தார்கள். அந்தச் சூழலில் அவரோடு நடிக்க முன்வந்தவர் கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் மதுரையின் பொதுவுடைமை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர் அவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருக வேடத்தில் மேடையில் இருந்தபோதே விஸ்வநாததாஸ் உயிர் பிரிந்தது.

நாட்டுக்காகச் சிறை போன ராஜபார்ட்டுக்கே இந்த நிலை. சேரிக்காரனுக்கு என்ன நிலை இருந்திருக்கும்? திருவிழாவுக்கு ஊர் வரி பிரிக்கும்போது சேரியில் வாங்க மாட்டார்கள். வரி கொடுக்காதவனுக்குத் திருவிழாவில் பங்கும் இல்லை, மரியாதையும் இல்லை. நாடகம் பார்க்கப் போனால் ஓரமாக, தள்ளி உட்கார வேண்டும். ஆனால் சாமி புறப்பாட்டுக்குத் தப்படிக்க மட்டும் அவன் கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் அது குற்றம்.

சேரிக்குள் எத்தனையோ நிகழ்த்துக்கலைகள் இருந்தன. தப்பாட்டம், ஒயிலாட்டம், கும்மி, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. இவை எதற்கும் ‘நாடகம்’ என்ற பெயர் கிடையாது. எழுதிவைத்த பிரதி கிடையாது. வாத்தியார் பெயர் கிடையாது. ஆதலால் இவற்றுக்கு வரலாறும் கிடையாது என்று படித்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

3. மாரந்தையிலிருந்து ஒரு குரல்

கே.ஏ. குணசேகரன் 1955 மே 12 அன்று பிறந்தார். அவருடைய ‘வடு’ 2005இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. பின்னர் வ. காதம்பரியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போனது. மாணவ நண்பர்கள் அதைப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் உடனே படியுங்கள். முகவையின் பேச்சு மொழியிலேயே எழுதப்பட்ட சிறிய புத்தகம். அழுகையும் ஆர்ப்பாட்டமும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு வகையான ஊர்கள் வருகின்றன. ஒன்று சாதி இந்துக்கள் வாழும் கிராமம். அங்கே எந்தத் தெருவில் நடப்பது, எந்தக் கிணற்றை நெருங்கக் கூடாது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று சிறுவனுக்கும் சட்டம் உண்டு. இன்னொன்று இளையான்குடி. அங்கே முஸ்லிம்கள் வாழும் தெருக்களில் அந்தச் சட்டம் இல்லை. ஒரே சிறுவன், ஒரே உடம்பு. சில கல் தொலைவு நடந்தால் தீட்டு காணாமல் போகிறது. திரும்பி நடந்தால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. தீண்டாமை உடம்பில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில்தான் இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் காலால் நடந்தே கற்றுக்கொண்ட பிள்ளை அவர்.

பள்ளிப் படிப்பு இளையான்குடியில். பிறகு சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரி. அதன் பிறகு மதுரை தியாகராசர் கல்லூரி. பின்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. இந்த ஆய்வுக்காகத்தான் அவர் மறுபடி கிராமங்களுக்குள் போகிறார். எந்த ஆட்டத்தையும் பாட்டையும் கேட்டு வளர்ந்தாரோ அதையே இப்போது குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் போய்க் கேட்கிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தமிழில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர்கள் பலர். நா. வானமாமலை தொடங்கிப் பெரிய மரபு அது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் பாட்டைக் கேட்டு எழுதி அச்சிட்டதோடு அவர்களுடைய வேலை முடிந்தது. குணசேகரனிடம் தொண்டை இருந்தது. அவர் எழுதியதைத் திரும்பப் பாடினார். வயலில் கேட்ட மெட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். அதனால் அவருக்குக் குழு தேவைப்பட்டது.

4. கீழக்கரையிலிருந்து ஒரு சொல்

குரல் மாரந்தையிலிருந்து வந்தது என்றால் சொல் கடற்கரையிலிருந்து வந்தது. கீழக்கரை பழைய துறைமுகம். முத்தும் சங்கும் ஏற்றுமதியான ஊர். அங்கே 1944இல் சாகுல் அமீதாகப் பிறந்தவர்தான் இன்குலாப். அவரும் சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரிக்கும் மதுரை தியாகராசர் கல்லூரிக்கும் போனவர். குணசேகரன் ஏறிய அதே படிக்கட்டுகளில் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஏறியவர். சிவகங்கைக் கல்லூரி கவிஞர் மீரா பணியாற்றிய கல்லூரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்குலாப் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்றவர். திராவிட இயக்கத்தின் பக்கம் இருந்தவர். பின்னாளில் சென்னை புதுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வெண்மணி இன்குலாபின் பாதையைத் திருப்பிவிட்டது. அந்தத் தீ அவருக்குள் அணையவே இல்லை. ‘மனுசங்கடா’ என்ற பாட்டு அப்படிப் பிறந்தது. எரித்தவனையும் எரிந்தபோது பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கத்தையும் கோர்ட்டையும் ஒரே குரலில் கூண்டில் ஏற்றும் பாட்டு அது.

கவிதையாக அச்சில் இருந்திருந்தால் அதைச் சில ஆயிரம் பேர் படித்திருப்பார்கள். குணசேகரன் பாடியதால் அது சேரிதோறும் போனது. தலித் இயக்கத்தின் எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்த உட்சாதியாக இருந்தாலும், கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு கேட்கும். அதை எழுதியவர் முஸ்லிமாகப் பிறந்து மதம் கடந்து நின்ற கவிஞர் என்பது பாடுகிற பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும். இளையான்குடித் தெருவில் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த மரியாதையும் கீழக்கரைக்காரர் எழுதிக் கொடுத்த பாட்டும் ஒரே மண்ணில் விளைந்தவை. மதத்தின் பெயரால் இந்தக் கடற்கரையைப் பிரிக்க நினைப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இதில் இருக்கிறது.

இன்குலாப் நாடகமும் எழுதினார். ‘ஔவை’யும் ‘மணிமேகலை’யும் அ. மங்கையின் இயக்கத்தில் மேடையேறின. ஔவையைக் கிழவியாகவே பார்த்துப் பழகிய தமிழ் மேடையில், ஊர் ஊராகப் பாடித் திரிந்த இளம் பாணர்குலப் பெண்ணாக அவளை நிறுத்தினார். பாணர் என்றால் யார்? பாடிப் பிழைத்தவர்கள், யாழும் பறையும் சுமந்து நடந்தவர்கள். அப்படிப் பார்த்தால் அந்த நாடகமும் ஒரு கலைக்குழுவைப் பற்றிய நாடகம்தான்.

5. தன்னானே என்றால் என்ன

குழுவுக்கு ஏன் இந்தப் பெயர்? நாட்டுப்புறப் பாட்டில் ‘தன்னானே’ என்பதற்கு அகராதிப் பொருள் கிடையாது. முன்பாட்டு பாடுகிறவர் மெட்டைக் காட்டுவதற்கு அதை எடுப்பார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த வரியை யோசிக்க முன்பாட்டுக்காரருக்கு அந்த இடைவெளி கிடைக்கும். கூட்டம் இல்லாமல் தன்னானே கிடையாது. தனியாள் பாடுகிற பாட்டில் அதற்கு வேலையும் இல்லை. குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

பாடகர்கள், தவில், பறை, உறுமி, ஒயிலுக்கும் கும்மிக்கும் ஆடுகிறவர்கள். திரைச்சீலையும் ஒப்பனை அறையும் வேண்டாம். தெருமுனையோ பள்ளிக்கூடத் திடலோ போதும். ஒரு தாலாட்டுப் பாட்டு, ஒரு ஒப்பாரி, ஒரு நையாண்டிப் பாட்டு, பிறகு ஓர் அரசியல் பாட்டு என்று நிகழ்ச்சி கலந்து போகும். முதலில் கூட்டம் சிரிக்கும். பிறகு ஒப்பாரிக்குப் பெண்கள் முந்தானையால் கண் துடைப்பார்கள். பிறகு அதே மெட்டில் வேறொரு சொல் வந்து விழும்போது நிமிர்ந்து உட்காருவார்கள். ஒப்பாரியின் மெட்டு எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதால் பாட்டைப் புரியவைக்க எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. செய்தி மட்டும் புதிது.

தொடக்க காலத்தில் அவருடைய குரல் ஒலித்தது பெரும்பாலும் இடதுசாரி மேடைகளில்தான். 1970களின் பிற்பகுதியும் 1980களும் தமிழ்நாட்டில் வீதி நாடகத்தின் காலம். மதுரையில் மு. ராமசுவாமி ‘நிஜ நாடக இயக்க’த்தை நடத்திக்கொண்டிருந்தார். வங்காளத்திலிருந்து பாதல் சர்க்கார் வந்து 1980இல் சோழமண்டலத்தில் பயிற்சிப் பட்டறை நடத்தினார். கலை இரவுகள் பெருகின. அந்த மேடைகள் நாட்டுப்புறப் பாட்டுக்கு மரியாதை கொடுத்தன. அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த மேடையில் சேரிக்காரன் ‘உழைக்கும் மக்கள்’ ஆனான். உழைப்பைப் பற்றிப் பாடலாம், பசியைப் பற்றிப் பாடலாம். அவனை ஊருக்கு வெளியே வைத்த காரணத்தின் பெயரைச் சொல்லிப் பாடும்போதுதான் மேடை நெளிந்தது. 1990-91இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது அந்தப் பெயரை உரக்கச் சொல்லும் மேடைகள் உருவாயின. தன்னானே குழுவின் பயணமும் அந்தத் திசையில் திரும்பியது.

இந்தப் பயணத்தில் ஒலிநாடாவின் பங்கை மறக்கக் கூடாது. மேடை ஓர் இரவில் முடிந்துவிடும். கேசட் டீக்கடைக்குப் போகும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் போகும், விடுதி அறைக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்த அரசியல் பிரசுரம் அந்தக் காலத்தில் கேசட்டைத் தவிர வேறு எது?

மராட்டியத்தில் இதற்கு மூத்த உதாரணம் உண்டு. பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் 1930களில் தமாஷா வடிவத்தை எடுத்து ‘அம்பேத்கரி ஜல்சா’ குழுக்களை நடத்தினார்கள். தன்னுடைய பத்துக் கூட்டங்களுக்கு ஒரு ஜல்சா சமம் என்று அம்பேத்கர் சொன்னதாக அங்கே இன்றும் நினைவுகூர்கிறார்கள். பழைய வடிவத்தை எடுத்து அதற்குள் இருந்த அடிமைத்தனத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிய வண்டிகள் அவை.

6. பறையைத் தூக்கலாமா, போடலாமா

இங்கேதான் நமக்குள் உள்ள சண்டைக்கு வருகிறேன். பறையைப் பற்றி நம் இயக்கத்துக்குள் இரண்டு கருத்துகள் எப்போதும் இருந்தன. இரண்டிலும் நியாயம் உண்டு.

முதல் கருத்து: பறையடிப்பது சாதித் தொழில். சாவுக்கு அடி, செத்த மாட்டைத் தூக்கு, குழி வெட்டு என்று ஊர் இட்ட கட்டளைகளில் ஒன்று அது. அதை விட்டொழிக்காமல் விடுதலை இல்லை. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் இதை இயக்கமாகவே நடத்தினார்கள். பல ஊர்களில் பறையடிக்க மறுத்ததற்காக வீடுகள் எரிந்தன, மண்டைகள் உடைந்தன. அவ்வளவு விலை கொடுத்து விட்ட பறையைப் பேராசிரியர் ஒருவர் மேடையில் தூக்கினால், விட்டவனுக்குக் கோபம் வராதா?

இரண்டாவது கருத்து: இழிவு பறையில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் போருக்கும் உழவுக்கும் வெறியாட்டுக்கும் முழங்கிய தோற்கருவி இது. அதை நம் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு, எப்போது, எதற்காக அடிப்பது என்பதை நாம் முடிவு செய்வோம்.

குணசேகரன் இரண்டாவது பக்கம் நின்றார். ஆனால் முதல் கருத்தைத் தெரியாதவராக நிற்கவில்லை. கட்டாயம் என்றால் என்னவென்று ‘வடு’ எழுதியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய குழு செய்த காரியத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சாவு வீட்டில் பறையடிப்பவன் வாசலுக்கு வெளியே, தெருவில், குனிந்து நின்று அடிக்கிறான். கூலியைத் தூரத்திலிருந்து வாங்குகிறான். மேடையில் அடிப்பவன் உயரத்தில் நிற்கிறான். அவனுக்கு எதிரே ஊர் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. கருவி ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். நிற்கும் இடம் மாறிவிட்டது. அந்த இடமாற்றமே ஒரு நாடகம். அதற்கு வசனம்கூட வேண்டாம்.

ஆனாலும் முதல் கருத்துக்காரர்களின் கேள்வி முடிந்துவிடவில்லை. மேடை முடிந்து ஊருக்குத் திரும்பும் பறைக் கலைஞனை மறுநாள் ஒரு சாவுக்குக் கூப்பிடுகிறார்கள். வர மாட்டேன் என்று சொல்லும் வலிமையை மேடை அவனுக்குக் கொடுத்ததா? நகரத்துக் கலைவிழாவில் பறை பெருமையின் அடையாளமாக இருக்கிறது. அதே வாரம் ஏதோ ஒரு கிராமத்தில் அது கட்டாயமாகவும் இருக்கிறது. இந்த இரண்டாவதை ஒழிக்காமல் முதலாவதை மட்டும் கொண்டாடினால் நாம் பாதி வேலைதான் செய்திருப்போம்.

பிறகு வந்த குழுக்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டன. திண்டுக்கல்லில் ‘சக்தி’ கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டுமே தொட்ட கருவியைப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியபோது சாதியோடு சேர்த்து இன்னொரு வேலியும் உடைந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களே எழுதினார். சென்னையில் மணிமாறனின் ‘புத்தர் கலைக்குழு’ மாணவர்களுக்குப் பறை கற்றுக்கொடுக்கிறது. தன்னானே போட்ட பாதை இவர்களுக்கும் உதவியது.

7. பலி ஆடுகள்: நம் பக்கம் திரும்பிய கண்ணாடி

பாட்டோடு நின்றிருந்தால் குணசேகரனை நல்ல பாடகர் என்று சொல்லி முடித்திருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் அவர் எழுதி மேடையேற்றிய ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகமாகப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. ‘சத்திய சோதனை’, ‘தொடு’ என்று வேறு நாடகங்களும் உண்டு. ஆனால் பேச்சு எப்போதும் ‘பலி ஆடுக’ளிடம்தான் வந்து நிற்கும்.

கதை எளிமையானது. தெய்வத்துக்கு நரபலி வேண்டும் என்கிறார்கள் ஆதிக்க சாதியார். பலியாகத் தலித் ஒருவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான். இதுவரை நாம் எதிர்பார்த்த கதைதான். மேல்சாதிக்காரன் கொடியவன், தலித் பாவப்பட்டவன். பார்வையாளர்கள் நாம் எல்லோரும் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் நாடகம் திரும்புகிறது. ஆணுக்குப் பதில் பெண்ணைப் பலியிடலாம் என்று வழி பிறக்கும்போது, தப்பிக்க நினைக்கும் அந்தத் தலித் ஆண் தன் மனைவியை முன்னே தள்ளுகிறான்.

எண்ணிப் பாருங்கள். தலித் அரங்கு என்று ஒன்று அப்போதுதான் கண்விழிக்கிறது. எதிரியைக் காட்டினால் போதும், கைதட்டல் நிச்சயம். அந்த முதல் அடியிலேயே அவர் நம் வீட்டுக்குள் கைகாட்டினார். ஒடுக்கப்பட்டவனுக்குக் கீழே ஒடுக்கப்பட்டவள் இருக்கிறாள் என்று சொன்னார். இயக்கத்துக்குள்ளிருந்து அதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு முகவைக்காரர்கள் இந்த உண்மையைத் தொட்டார்கள்.

ஒரு குழு இதை நடிக்கும்போது என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மனைவியாக நடிக்கும் பெண் கூலி வேலையிலிருந்தோ படிப்பிலிருந்தோ ஒத்திகைக்கு வருகிறாள். ஒத்திகை முடிந்து இருட்டில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எங்கே போனாய் என்று கேட்க வீட்டில் ஆள் இருப்பார்கள். மேடையில் பேசப்படும் பிரச்சினையை நடிப்பவள் சுமந்துகொண்டே வருகிறாள். கலைக்குழுக்களில் பெண்கள் நீடித்து நிற்க முடியாமல் போவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. குழு வைத்திருக்கும் தோழர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

8. அக்கரையிலும் ஒரு குழு

இராமேஸ்வரம் கடற்கரையில் நின்று பேசுகிறோம் என்றால் அக்கரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. நாடகக்காரர்களும் பாட்டுப் புத்தகங்களும் இரண்டு பக்கமும் போய் வந்தன.

அக்கரையில், யாழ்ப்பாணத்தில், 1960களின் பிற்பகுதியில் கோயில் நுழைவுப் போராட்டங்கள் வெடித்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் அடித்துத் தள்ளப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தோடு சேர்ந்து பிறந்தது ‘கந்தன் கருணை’ என்ற நாடகம். என்.கே. ரகுநாதன் எழுதியதை அம்பலத்தாடிகள் என்ற குழு காத்தான் கூத்துப் பாணியில் ஆடியது. கோயிலுக்குள் விடாதவர்களின் கூத்து மெட்டையே எடுத்து, கந்தன் யார் பக்கம் என்று கேட்ட நாடகம் அது. பெரிய அரங்கம் இல்லை, பணம் இல்லை, நடிகர்கள் தொழில்முறை நடிகர்களும் இல்லை. போராட்டக்காரர்களே நடிகர்கள்.

தன்னானேவும் அம்பலத்தாடிகளும் ஒன்றை ஒன்று பார்த்துச் செய்தவை என்று நான் சொல்லவில்லை. சாதி ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் அதை எதிர்க்கும் கலையும் ஒரே மாதிரி சிந்திக்கிறது. எதிரி வைத்திருக்கும் வடிவத்தை எடு, மக்களுக்குத் தெரிந்த மெட்டைப் பிடி, சொல்லை மாற்று. இரண்டு கரையிலும் இதுதான் நடந்தது.

9. பல்கலைக்கழகத்தில் பறை

குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். சேரிப் பாட்டு பல்கலைக்கழகப் பாடமானது. எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கத் தடை இருந்ததோ அந்த மாவட்டத்திலிருந்து வந்தவர் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இது சிறிய சாதனை அல்ல.

ஆனால் அவரோடு பாடியவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் நாற்காலி கிடைத்ததா? பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகத்தில் விருந்தினர் இடம்தான். சிவகங்கைப் பக்கம் சூராணத்தில் பிறந்த சின்னப்பொண்ணு, குணசேகரன் அடையாளம் கண்ட குரல்களில் ஒன்று. சினிமா அவரை எடுத்துக்கொண்டது. ‘நாக்க முக்க’ உலகமெல்லாம் கேட்டது. அதே மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்துப் புகழ்பெற்றவர். முதுமையில் உதவி கேட்க வேண்டிய நிலையில் இருந்தார். 2025இல் மறைந்தார். இவர்களாவது பெயர் தெரிந்தவர்கள். தவிலும் உறுமியும் அடித்தவர்களின் பெயர் எந்தச் சுவரொட்டியில் வருகிறது? சுவரொட்டியில் தலைவர் படம் இருக்கும், ‘மற்றும் குழுவினர்’ என்று முடியும். அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள் நம் வரலாற்றின் பாதி கிடக்கிறது.

10. 2016க்குப் பிறகு

2016 ஜனவரி 17 அன்று கே.ஏ. குணசேகரன் மறைந்தார். அதே நாளில்தான் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உயிரை விட்டார். கிராமத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகம்வரை போய்ச் சேர்ந்த ஒருவரும், பல்கலைக்கழகத்தில் நுழைந்த பிறகும் உயிர்வாழ விடப்படாத ஓர் இளைஞரும் ஒரே நாளில். அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 1 அன்று, இன்குலாபும் போனார். அவருடைய விருப்பப்படி உடல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது குடும்பத்தார் அதை மறுத்தார்கள். அரசு விருதை அவர் ஏற்றிருக்க மாட்டார் என்று சொன்னார்கள். அம்ஷன் குமாரின் ‘மனுசங்கடா’ படம், பொதுப்பாதையில் பிணத்தைக் கொண்டுபோகவும் உரிமை இல்லாத சேரியைக் காட்டியது. பாட்டின் தலைப்பு அரை நூற்றாண்டு வெண்மணியைத் தாண்டி இன்னும் செல்லுபடியாகிறது என்பதில் மகிழ்ச்சி அடைய ஒன்றும் இல்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கலை யாருக்குச் சொந்தம்? குணசேகரனின் குழு தந்த பதில்: எங்கே, எப்போது, எதற்காக நிகழ்த்துவது என்று தீர்மானிக்கிறவனுக்கே சொந்தம். அந்தத் தீர்மானம் மேடையில் நம் கைக்கு வந்துவிட்டது. ஊரில் இன்னும் முழுதாக வரவில்லை. அதற்கு மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மாணவர்களுக்கு. ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையாதீர்கள். உங்கள் ஊரில் தப்படித்த, ஒயிலாடிய, ஒப்பாரி சொன்ன பெரியவர்களிடம் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் எழுதாதீர்கள். யார் பாடினார், யாரிடம் கற்றார், எந்தச் சாவுக்குப் போக மறுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள்.

இரண்டாவது, கலைக்குழு நடத்தும் தோழர்களுக்கு. சுவரொட்டியிலிருந்து ‘மற்றும் குழுவினர்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எல்லாப் பெயரையும் போடுங்கள். வருமானத்தைக் கணக்கு எழுதிப் பிரியுங்கள். பெண்கள் பாதுகாப்பாக வந்து போக ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவது, இயக்கத் தோழர்களுக்கு. பறையைக் கொண்டாடும் ஒவ்வொரு மேடையிலும் கட்டாயப் பறையை மறுக்கும் தீர்மானம் ஒன்றையும் சேர்த்து நிறைவேற்றுங்கள். மறுத்தவருக்கு ஊர் விலக்கு வந்தால் துணைக்கு நிற்க வேண்டியது கைதட்டிய நாம்தான்.

முன்பாட்டு பாடியவர்கள் மறைந்துவிட்டார்கள். மெட்டு நமக்குத் தெரியும். வாங்கிப் பாட வேண்டியது பின்பாட்டுக்காரர்களாகிய நம் பொறுப்பு. ஜெய் பீம்.